ஜாவாவிலிருந்து பிரிந்த ஜாவா எஃப்எக்ஸ்: உங்கள் புரோகிராம் ஏன் திறக்கவில்லை?

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் நீங்கள் இரண்டு ஆண்டுகளாக வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதி வந்த சிறிய புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதையும் அதன் டேட்டா ஃபைல்களையும் பென் டிரைவில் காப்பி செய்து புதுக் கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள். அது ஜாவாவில் எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே இணையத்தில் தேடி, இருப்பதிலேயே புதிய ஜாவா பதிப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டாலும் செய்துவிட்டீர்கள்.

இப்போது ஐகான் மீது டபுள் கிளிக் செய்கிறீர்கள். மவுஸ் பாயின்டர் ஒரு விநாடி சுற்றுகிறது. அவ்வளவுதான். விண்டோ எதுவும் திறக்கவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. மீண்டும் டபுள் கிளிக் செய்தாலும் அதே கதைதான்.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். வைரஸ் என்று பயந்து விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். பொறுங்கள்! உங்கள் கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை, புரோகிராமிலும் கோளாறு இல்லாமல் இருக்கலாம். 2018ஆம் ஆண்டு ஜாவாவில் நடந்த ஒரு மாற்றம் இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவரை ஜாவாவுடன் சேர்ந்தே வந்த ஜாவா எஃப்எக்ஸ் என்ற பகுதி, அந்த ஆண்டில் தனியாகப் பிரிக்கப்பட்டது. அது என்ன, ஏன் பிரித்தார்கள், நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: புதுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் திறந்து, பழைய கணக்குகள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன என்று உறுதியாகும்வரை பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள், அதன் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள்.

பிளாட்ஃபார்ம் என்றால் என்ன?

சாதாரணமாக ஒரு புரோகிராம் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காகத் தயாரிக்கப்பட்டதோ, அதில் மட்டுமே இயங்கும். விண்டோஸுக்கான புரோகிராமை மேக் கம்ப்யூட்டரில் அப்படியே இயக்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியாக வந்ததுதான் ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையிலான குழு இதை உருவாக்கியது. 1995இல் அறிவிக்கப்பட்டு, 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வெளியானது.

ஜாவாவில் எழுதிய புரோகிராம், பைட்கோட் என்ற ஒரு பொதுவான வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அந்தப் பைட்கோடைப் படித்து, அந்தந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி இயக்குவது ஜாவா வர்ச்சுவல் மெஷின். இந்த மெஷினுடன், புரோகிராம்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் பல நூறு தயார்நிலைப் பகுதிகளும் சேர்ந்து வரும். ஃபைலைத் திறக்க ஒன்று, நெட்வொர்க்கில் பேச ஒன்று, தேதியைக் கணக்கிட ஒன்று என்று அவை இருக்கும். இவை எல்லாம் சேர்ந்த அடித்தளத்தைத்தான் பிளாட்ஃபார்ம் என்கிறோம். புரோகிராம் எழுதுபவர்களுக்கான கருவிகளும் இதனுடன் சேர்ந்தால் அது ஜேடிகே, அதாவது ஜாவா டெவலப்மென்ட் கிட்.

டூல்கிட் என்றால் என்ன?

திரையில் நீங்கள் பார்க்கும் விண்டோ, பட்டன், மெனு, ஸ்க்ரோல் பார், எழுத்துகளை டைப் செய்யும் கட்டம் ஆகியவை எல்லாம் சேர்ந்ததே க்ராஃபிகல் யூசர் இன்டர்ஃபேஸ். ஒவ்வொரு புரோகிராமரும் இவற்றை ஆரம்பத்திலிருந்து வரைந்து கொண்டிருந்தால் வேலை முடியாது. வீடு கட்டுபவர் கதவையும் ஜன்னலையும் ரெடிமேடாக வாங்கிப் பொருத்துவதைப் போல, புரோகிராமரும் தயாராக உள்ள பட்டன்களையும் மெனுக்களையும் எடுத்துப் பொருத்துகிறார். அந்த ரெடிமேட் கதவு, ஜன்னல்களின் தொகுப்புக்குத்தான் டூல்கிட் என்று பெயர்.

ஜாவாவுக்கு இதுவரை மூன்று முக்கிய டூல்கிட்கள் வந்துள்ளன.

1. ஏடபிள்யூடி: 1996இல் முதல் பதிப்புடனேயே வந்தது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் உள்ள பட்டன்களையே கேட்டு வாங்கிப் பயன்படுத்தும்.

2. ஸ்விங்: 1998 இறுதியில் ஜாவா 1.2 பதிப்புடன் சேர்ந்தது. பட்டன்களைத் தானே வரைந்து கொள்ளும். ஆகவே எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தோற்றம் தரும்.

3. ஜாவா எஃப்எக்ஸ்: மூன்றில் இளையது. அனிமேஷன், வீடியோ, வரைபடம், வெப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே விண்டோவில் காட்டக் கூடியது. வெப் பக்கங்களுக்கு அழகு சேர்க்கும் சிஎஸ்எஸ் முறையிலேயே இதன் பட்டன்களுக்கும் நிறமும் வடிவமும் தரலாம்.

சேர்ந்த கதையும் பிரிந்த கதையும்

ஜாவா எஃப்எக்ஸ் ஆரம்பத்தில் ஜாவாவின் பகுதியாகப் பிறக்கவில்லை. கிறிஸ் ஆலிவர் என்பவர் உருவாக்கிய எஃப்3 என்ற மொழியிலிருந்து இது வளர்ந்தது. 2007 மே மாதம் சன் நிறுவனம் இதை அறிவித்தது. 2008 டிசம்பரில் முதல் பதிப்பு வெளியானது. அப்போது இதற்கென்று ஜாவா எஃப்எக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற தனி மொழி இருந்தது.

2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி முடித்தது. 2011 அக்டோபரில் வந்த ஜாவா எஃப்எக்ஸ் 2.0 பதிப்பில் அந்தத் தனி மொழி கைவிடப்பட்டது. ஜாவா தெரிந்தவர்கள் ஜாவாவிலேயே எழுதலாம் என்றானது. 2012இல் ஜாவா 7இன் அப்டேட் ஒன்றுடன் ஜாவா எஃப்எக்ஸ் சேர்த்து வழங்கப்பட்டது. 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது, ஆரக்கிளின் ஜாவாவை இன்ஸ்டால் செய்தாலே ஜாவா எஃப்எக்ஸும் கூடவே வந்தது. யாரும் அதைத் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. உங்கள் பழைய கம்ப்யூட்டரில் அந்தக் கணக்குப் புரோகிராம் சிரமமில்லாமல் ஓடியதன் ரகசியம் இதுதான்.

2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9, பிளாட்ஃபார்ம் முழுவதையும் மாட்யூல் என்ற சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து அடுக்கியது. எந்தப் பெட்டி எதை நம்பி இருக்கிறது என்பது தெளிவாக எழுதி வைக்கப்பட்டது. ஒரு பெட்டியை வெளியே எடுத்தால் மற்றவை விழாமல் நிற்குமா என்று பார்க்கவும் முடிந்தது.

2018 மார்ச் மாதம் ஆரக்கிள் அறிவித்தது: ஜாவா 11 முதல் ஜாவா எஃப்எக்ஸ் ஜேடிகேயுடன் வராது, தனியாகக் கிடைக்கும். சொன்னபடியே 2018 செப்டம்பர் 25இல் வந்த ஜாவா 11இல் அது இல்லை. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே ஜாவா எஃப்எக்ஸ் 11 தனிப் பதிப்பாக வெளிவந்துவிட்டது. ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் கீழ் இது வளர்கிறது. இதைத் தயாரித்து வெளியிடுவதில் க்ளூவான் என்ற நிறுவனம் முக்கியப் பங்கு வகித்து வருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அதே ஜாவா 11இல் ஆரக்கிள், ஆப்லெட் வசதியையும் ஜாவா வெப் ஸ்டார்ட்டையும் நீக்கியது. அவை நீக்கப்பட்டவை. ஜாவா எஃப்எக்ஸ் நீக்கப்படவில்லை, வீடு மாறியது. புதிய முகவரி தெரிந்தால் போதும்.

ஏன் பிரித்தார்கள்?

முதல் காரணம், எல்லோருக்கும் அது தேவையில்லை. ஜாவா அதிகமாக வேலை செய்யும் இடங்களில் ஒன்று சர்வர் கம்ப்யூட்டர்கள். வங்கியிலோ ரயில்வே முன்பதிவிலோ இருக்கும் சர்வருக்குப் பட்டனும் மெனுவும் எதற்கு? ஜாவா எஃப்எக்ஸில் வெப் பக்கம் காட்டுவதற்காக வெப்கிட் என்ற பெரிய என்ஜினே அடங்கியிருக்கிறது. தேவையில்லாதவர்களும் அதைச் சுமக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம், வேகம். ஜாவா 9க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்று முடிவானது. டூல்கிட்டில் ஒரு சிறிய பிழையைத் திருத்தினாலும் அது பெரிய பிளாட்ஃபார்மின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தனியாக இருந்தால் தன் வேலையைத் தான் பார்த்துக் கொள்ளலாம். வெளியிலிருந்து உதவ வருபவர்களுக்கும் கதவு அகலமாகத் திறக்கும். ஆரக்கிள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது, காலம் மாறியது. மக்கள் மொபைல் ஃபோனிலும் பிரவுசரிலும் வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் தனி விண்டோவாகத் திறக்கும் புதிய புரோகிராம்களுக்கு முன்பிருந்த முக்கியத்துவம் குறைந்தது.

டூல்கிட் தனியாக இருப்பது உலகத்துக்குப் புதிதும் அல்ல. லினக்ஸில் பெயர் பெற்ற ஜிடிகே என்ற டூல்கிட், ஜிம்ப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேருக்காக எழுதப்பட்டது. பிறகு அதிலிருந்து பிரிந்து தனியே வளர்ந்தது. லினக்ஸில் ஜாவா 8 காலத்திலேயே ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் தனிப் பேக்கேஜாகத்தான் பல இடங்களில் கிடைத்தது. அவர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய அதிர்ச்சி இல்லை. விண்டோஸில் எல்லாம் சேர்ந்தே வந்து பழகியவர்கள்தான் திடீரென்று வெறும் திரையைப் பார்த்தார்கள்.

இதில் நியாயமான குறை ஒன்று இருக்கிறது. பிரித்ததால் பிளாட்ஃபார்மைப் பராமரிப்பவர்களின் சுமை குறைந்தது. ஆனால் அந்தச் சுமை மறைந்துவிடவில்லை. புரோகிராம் எழுதுபவர் தோளுக்கு மாறியது. அவர் கவனிக்காமல் விட்டால் அது கடைசியில் உங்கள் தலையில், அதாவது ஒன்றும் அறியாத வீட்டு உபயோகிப்பாளர் தலையில் வந்து இறங்குகிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து ஜாவா படிக்கும் மாணவருக்கும் இதே நிலைதான். ஜாவா 8 காலத்துப் புத்தகத்தில் உள்ள ஜாவா எஃப்எக்ஸ் பாடத்தை எழுத்துப் பிசகாமல் டைப் செய்தாலும் புதிய ஜாவாவில் பிழை வரும். தப்பு தன்னுடையது என்று அவர் நினைத்துக் கொள்வார். இல்லை, புத்தகம் சொல்லாத ஒரு பகுதி குறைகிறது, அவ்வளவே.

உங்கள் சிக்கல் இதுதானா? சோதித்துப் பாருங்கள்

டபுள் கிளிக் செய்தால் வின்ரார் போன்ற சாஃப்ட்வேர் திறந்து, உள்ளே பல ஃபோல்டர்கள் தெரிகின்றனவா? அப்படியானால் சிக்கல் வேறு. ஜார் ஃபைலை எதில் திறப்பது என்பது விண்டோஸில் மாறியிருக்கிறது. ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' மூலம் ஜாவாவைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். டபுள் கிளிக் செய்யும்போது ஜாவா தன் பிழைச் செய்தியைக் காட்ட ஒரு விண்டோ இல்லாமல் இயங்குகிறது. அதைப் பேச வைக்க கமாண்ட் பிராம்ப்ட் தேவை.

1. கீபோர்டில் விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். 'ரன்' பெட்டி வரும். அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும்.

2. ஜாவா என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, அதை ஒட்டியே வெர்ஷன் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பதிப்பு எண் தெரியும். 1.8 என்று தொடங்கினால் அது ஜாவா 8; குழம்ப வேண்டாம். 11, 17, 21 என்று இருந்தால் அது அந்தந்தப் பதிப்பு.

3. அடுத்து ஜாவா, இடம், சிறு கோடு, அதை ஒட்டி ஜார், மீண்டும் இடம் என்று டைப் செய்யுங்கள். இப்போது உங்கள் புரோகிராமின் ஃபைலை மவுஸால் இழுத்துக் கறுப்பு விண்டோவில் விடுங்கள். அதன் முழுப் பாதையும் தானே வந்துவிடும். என்டர் தட்டுங்கள்.

வரும் பிழைச் செய்தியில் ஜாவா எஃப்எக்ஸ் என்ற பெயர் தென்படுகிறதா? அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். ஸ்விங்கில் எழுதிய புரோகிராமுக்கு இந்தச் சிக்கலே வராது. ஏனெனில் ஸ்விங்கும் ஏடபிள்யூடியும் ஜாவா 11இல் பிரிக்கப்படவில்லை.

மூன்று வழிகள்

வழி 1: புரோகிராமின் புதிய பதிப்பைத் தேடுங்கள். இதுவே மிகச் சுலபம். புரோகிராமை எழுதியவர், அதற்குத் தேவையான ஜாவாவையும் ஜாவா எஃப்எக்ஸையும் உள்ளேயே வைத்து ஒரே இன்ஸ்டாலராகத் தர இப்போது வசதி உண்டு. 2021இல் வந்த ஜாவா 16 முதல் ஜேபேக்கேஜ் என்ற கருவி இதற்காகவே முழுமையாகச் சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட இன்ஸ்டாலர் கிடைத்தால் உங்கள் கம்ப்யூட்டரில் தனியாக ஜாவாவே தேவையில்லை.

வழி 2: ஜாவா எஃப்எக்ஸ் சேர்த்தே வரும் ஜாவாவை இன்ஸ்டால் செய்யுங்கள். ஜாவா ஓப்பன் சோர்ஸ் என்பதால் பல நிறுவனங்கள் அதைத் தயாரித்து வழங்குகின்றன. பெல்சாஃப்ட் நிறுவனத்தின் லிபெரிகா ஜேடிகேயில் 'ஃபுல்' என்ற வகையிலும், அசூல் நிறுவனத்தின் ஜூலுவில் 'எஃப்எக்ஸ்' என்று குறித்த வகையிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். டவுன்லோட் பக்கத்தில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். சாதாரண வகையை எடுத்தால் பழைய சிக்கலே திரும்பி வரும். வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு இந்த வழியையே முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

வழி 3: ஜாவா எஃப்எக்ஸைத் தனியாக டவுன்லோட் செய்து இணையுங்கள். ஓப்பன்ஜேஎஃப்எக்ஸ் திட்டத்தின் தளத்திலிருந்து எஸ்டிகே என்ற ஜிப் ஃபைலைப் பெறலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜிப் உண்டு. ஜாவா எங்கும் ஓடும் என்றார்களே, இது ஏன் தனித்தனி என்று கேட்பீர்கள். ஜாவா எஃப்எக்ஸ் வேகமாக வரைவதற்காக க்ராஃபிக்ஸ் கார்டை நேரடியாகப் பயன்படுத்துகிறது. விண்டோஸில் டைரக்ட்3டி மூலமும், லினக்ஸில் ஓப்பன்ஜிஎல் மூலமும் பேசுகிறது. எனவே அந்தந்தச் சிஸ்டத்துக்கான பகுதிகள் உள்ளே வேண்டும்.

ஜிப்பை சி டிரைவில், இடைவெளி இல்லாத சிறிய பெயருள்ள ஃபோல்டரில் விரித்து வையுங்கள். உள்ளே 'லிப்' என்ற ஃபோல்டர் இருக்கும். பிறகு நோட்பேடைத் திறந்து கீழ்க்கண்டவற்றை ஒரே வரியில், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடம் விட்டு ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்:

அ. ஜாவா.
ஆ. இரண்டு சிறு கோடுகள், ஒட்டி மாட்யூல், ஒரு சிறு கோடு, ஒட்டி பாத்.
இ. லிப் ஃபோல்டரின் முழுப் பாதை, இரட்டை மேற்கோள் குறிக்குள்.
ஈ. இரண்டு சிறு கோடுகள், ஒட்டி ஆட், ஒரு சிறு கோடு, ஒட்டி மாட்யூல்ஸ்.
உ. ஜாவா எஃப்எக்ஸ், புள்ளி, கன்ட்ரோல்ஸ், காற்புள்ளி, ஜாவா எஃப்எக்ஸ், புள்ளி, எஃப்எக்ஸ்எம்எல். நடுவில் இடம் விடாமல், எல்லாம் சிறிய எழுத்துகளில்.
ஊ. ஒரு சிறு கோடு, ஒட்டி ஜார்.
எ. உங்கள் புரோகிராம் ஃபைலின் முழுப் பாதை, மேற்கோள் குறிக்குள்.

'சேவ் ஆஸ்' கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்து, கணக்கு என்பது போல் ஏதாவது ஓர் ஆங்கிலப் பெயருடன் புள்ளி பேட் என்று முடியுமாறு சேவ் செய்யுங்கள். இனி இந்த பேட் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் போதும். புரோகிராம் வீடியோவோ வெப் பக்கமோ காட்டுவதாக இருந்தால், உ வரியில் மீடியா, வெப் ஆகிய மாட்யூல்களையும் அதே முறையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

பொருத்தம் பாருங்கள்

ஜன்னல் வாங்கும்போது சுவரின் அளவு பார்ப்பது போல, இரண்டின் பதிப்பையும் பொருத்திப் பாருங்கள். உதாரணமாக ஜாவா எஃப்எக்ஸ் 17க்கு ஜாவா 11ஓ அதற்கு மேலோ போதும். ஜாவா எஃப்எக்ஸ் 21க்கு ஜாவா 17ஆவது வேண்டும்.

இன்னொன்று: ஜாவா 8 காலத்தில் எழுதிய சில புரோகிராம்கள், ஜாவா எஃப்எக்ஸின் உட்பகுதிகளை அனுமதியில்லாமல் தொட்டுப் பயன்படுத்தின. அவை புதிய பதிப்பில் மூன்று வழிகளிலும் ஓடாமல் போகலாம். அப்போது ஜாவா எஃப்எக்ஸ் உள்ள ஜாவா 8ஐயே, கடைசியாகக் கிடைக்கும் அப்டேட்டுடன், அந்த ஒரு புரோகிராமுக்காக மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். லிபெரிகாவிலும் ஜூலுவிலும் 8ஆம் பதிப்புக்கும் இந்த வகைகள் உண்டு. பல ஆண்டுகளாக அப்டேட் செய்யாத பழைய ஜாவாவை மட்டும் எங்கிருந்தோ எடுத்துப் போடாதீர்கள். அதில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகள் ஊரறிந்தவை.

செய்யக் கூடாதவை

* பிழைச் செய்தியை இணையத்தில் தேடும்போது, காணாமல் போன ஒற்றை டிஎல்எல் ஃபைலைத் தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத தளங்களிலிருந்து எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள்.

* 'புதியது எப்போதும் நல்லது' என்று எண்ணி, ஓடிக் கொண்டிருக்கும் ஜாவாவை நீக்கிவிட்டுப் புதியதைப் போடாதீர்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஜாவா பதிப்புகள் தனித்தனி ஃபோல்டரில் இருக்கலாம்.

* எதைச் செய்யும் முன்பும் உங்கள் டேட்டா ஃபைல்களுக்கு இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள். ஜாவாவை மீண்டும் டவுன்லோட் செய்யலாம். இரண்டு ஆண்டுக் கணக்கை டவுன்லோட் செய்ய முடியாது.

அடுத்த முறை ஒரு புரோகிராம் திறக்க மறுத்தால், கெட்டுப் போனது என்று முடிவு கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதை நம்பி நிற்கிறது, அது இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா? பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.